பாத்திரம் அறிந்தா?

“பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண் கொடு” என்பது நம்மவர் நெடுங்காலமாக நாவிலே உருட்டிவரும் பழமொழி. அதன் பின்பாதியைப் பகுத்தறிவாளர் சும்மா விடவில்லை. கோத்திரமென்ன, குலமென்ன என்று மேடைதோறும் கேட்டனர். கலப்பு மணங்களை நடத்திக் காட்டினர். கோத்திரம் இன்னும் சாகவில்லை. ஆயினும் அவையிலே நிமிர்ந்து நின்று தன்னை நியாயம் என்று சொல்லிக்கொள்ள அது நாணுகிறது. ஆனால் முன்பாதி? அதற்கு நாணமே இல்லை! படித்தவர்கள்கூட, “தகுதி உள்ளவனுக்குத்தானே கொடுக்க வேண்டும்” என்று தலையாட்டி அதனை வரவேற்கிறார்கள். கொடுப்பவன் நீதிபதி ஆசனத்திலே. கேட்பவன் குற்றவாளிக் கூண்டிலே. இவன் குடிப்பவனா, சோம்பேறியா, இவள் நடத்தை எப்படி என்று விசாரணை நடந்து, நல்ல பாத்திரம் என்று முத்திரை விழுந்த பிறகுதான் கைப்பிடி அரிசி!

அந்த முன்பாதியைப் பற்றி நம்மை ஆழ்ந்து எண்ணச் செய்யும் படம் ஒன்று இங்கிலாந்திலே எடுக்கப்பட்டது. ‘ஐ, டேனியல் பிளேக்’ — ‘நான், டேனியல் பிளேக்’ — என்பது அதன் பெயர். கென் லோச் இயக்கினார்; பால் லாவர்ட்டி எழுதினார். 2016இல் கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசான தங்கப் பனை அதற்குக் கிடைத்தது. வீடற்றோரின் துயரை 1966இலேயே ‘கேத்தி கம் ஹோம்’ என்ற தொலைக்காட்சிப் படத்தின் வாயிலாக நாட்டின் முன் வைத்தவர் லோச். ஐம்பதாண்டு கழித்து, எண்பது வயதை எட்டும் நேரத்தில், அதே நாட்டின் வாயிற்கதவை மீண்டும் தட்டினார். அந்தப் படத்தைப் போற்றவும் வேண்டும். அதனோடு வழக்காடவும் வேண்டும். இரண்டையும் இங்கே செய்ய முயல்கிறேன்.

கதை எளியது. டேனியல் பிளேக், நியூகாசில் நகரத்துத் தச்சர், வயது 59. வேலை செய்யுமிடத்திலே மாரடைப்பு வந்தது. இப்போதைக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே நோயுற்ற தொழிலாளருக்கு அரசு தரும் உதவித்தொகையைக் கேட்கிறார். உடனே கேள்விக்கணைகள் பாய்கின்றன. 50 மீட்டர் துணையின்றி நடப்பீரா? தொப்பி அணிவதுபோல் கையைத் தலைக்குமேல் தூக்குவீரா? பொத்தானை அழுத்த விரல் வருமா? பழுதுபட்டது இதயம், கேள்வியோ கையையும் காலையும் பற்றி! கேட்பவர் மருத்துவரும் அல்லர். அரசிடம் குத்தகை எடுத்த நிறுவனம் ஒன்றின் ஊழியர். உதவித்தொகை பெற 15 புள்ளிகள் வேண்டும். டேனியலுக்கு அத்தனை தேறவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது: வேலை செய்யத் தகுதி உடையவர்!

மருத்துவர் சொல்வது, உழைத்தால் உயிருக்கு ஆபத்து என்று. அரசு சொல்வது, உழைக்க முடியும், போ என்று. மேல்முறையீடு செய்யலாமே என்றால், அதற்கு முன் அதே துறை தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செய்து முடிக்க வேண்டுமாம். அதுவரை காசு இல்லை. காசு வேண்டுமா? வேலையற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடு. வாரம் 35 மணி நேரம் வேலை தேடியதாகச் சான்று காட்டு! தேடுகிறார் டேனியல். கொடுமை என்னவென்றால், ஒரு முதலாளி உண்மையாகவே வேலை தர முன்வருகிறார். உடல்நிலை காரணமாக டேனியல் மறுக்க நேர்கிறது. அந்த முதலாளி அவரைச் சோம்பேறி என்று ஏசுகிறார். மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்களே, அதுதான்.

இன்னொருபுறம் கேட்டி. இரண்டு குழந்தைகளின் தாய், துணைவன் இல்லை. இலண்டனிலே வீடற்றோர் விடுதியின் ஒற்றை அறையில் கிடந்தவளுக்கு, முந்நூறு மைலுக்கு அப்பால் நியூகாசிலில் வீடு ஒதுக்கப்படுகிறது. புது ஊர், பேருந்து மாறி ஏறிவிட்டாள், வேலைவாய்ப்பு நிலையத்துக்குச் சில நிமிடங்கள் தாமதமாக வந்தாள். தண்டனை: உதவித்தொகை நிறுத்தம். அந்த இடத்தில்தான் டேனியல் அவளுக்காகக் குரல் எழுப்புகிறார், இருவரும் வெளியேற்றப்படுகின்றனர். நட்பு அங்கே பிறக்கிறது.

இந்தப் படத்தின் முதற்சிறப்பு, இதிலே வில்லன் இல்லை என்பது. மீசை முறுக்கும் மிராசுதாரர் இல்லை. சாட்டை ஏந்திய முதலாளி இல்லை. வேலைவாய்ப்பு நிலையத்திலே ஆன் என்றொரு ஊழியர். விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் நிரப்பத் தெரியாமல் தவிக்கும் டேனியலுக்கு இரக்கத்தோடு கைகொடுக்கிறார். அதற்காக மேலதிகாரியிடம் கண்டிப்புப் பெறுகிறார்! நல்லவர் உதவினால் விதி மீறல். விதிப்படி நடந்தால் மனிதன் சாகிறான். மக்களில் எவரும் அரக்கர் அல்லர். அரக்கன் படிவத்துக்குள் ஒளிந்திருக்கிறான். கணிப்பொறியின் சுட்டெலியைத் திரையின்மேல் நகர்த்தச் சொன்னால், அதைக் கையில் தூக்கித் திரைமீதே வைத்துத் தேய்க்கிறார் தச்சர். அரங்கம் சிரிக்கிறது. சிரித்து முடித்ததும் நெஞ்சு உறுத்துகிறது. நாற்பதாண்டு மரத்தோடு பேசிய கையைப் பார்த்தா சிரித்தோம் என்று!

இந்தக் காட்சிகளின் கனம் புரிய வேண்டுமானால், அந்த நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். 1834இல் இங்கிலாந்து ஏழையர் சட்டம் ஒன்றை இயற்றியது. உதவி வேண்டுவோர் உழைப்பு விடுதிக்குள் நுழைய வேண்டும்; கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், குழந்தைகள் வேறொருபுறம். உள்ளே கிடைக்கும் வாழ்வு, வெளியே உள்ள கடைநிலைக் கூலியின் வாழ்வைவிடக் கீழாக இருக்க வேண்டும் என்பது கொள்கை. ஏன்? உண்மையிலேயே கதியற்றவன்தான் இதற்கு இசைவான் என்று கணக்கிட்டனர். துன்பத்தையே சல்லடையாக்கிப் பாத்திரம் அறிந்தார்கள்!

அந்தச் சல்லடையைக் கிழிக்கவே காப்பீடு வந்தது. ஜெர்மனி 1883இல் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த சட்டத்தின்படி நோய்க்காப்பீட்டிற்கு ஆண் தொழிலாளி வாரம் 4 பென்னி, முதலாளி 3 பென்னி, அரசு 2 பென்னி கட்டினர். நோயுற்றால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங். மகப்பேற்றுக்கு 30 ஷில்லிங். குறிப்பிட்ட சில தொழில்களில் வேலை இழந்தோருக்கு வாரம் 7 ஷில்லிங். தொகை சிறிது, கருத்தோ பெரிது. இங்கே பிச்சை இடுபவனும் இல்லை, பெறுபவனும் இல்லை. நலமாக இருக்கும்போது கொடுத்தவன், நலம் கெட்டபோது தன்னுடையதைக் கேட்கிறான். கடைக்காரனிடம் விலை கொடுத்த பொருளைக் கேட்பவனை நோக்கி, நீ நல்லவனா என்று எவனாவது விசாரிப்பானா?

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1942 டிசம்பர் 1இல் வில்லியம் பெவரிட்ஜ் தம் அறிக்கையை வெளியிட்டார். வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை ஆகிய ஐந்தையும் வழிமறிக்கும் ஐந்து அரக்கர் என்றார். அந்த வழியிலேதான் 1948 ஜூலை 5 முதல் தேசியக் காப்பீடு அந்நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. டேனியல் அந்தக் காப்பீட்டின் பிள்ளை. கேட்பது தருமம் அன்று, தாம் செலுத்தியதன் பலன் என்பதை அறிந்தவர். அதனால்தான் அவர் குனிவதில்லை.

படம் வெளிவந்ததும் ஆட்சியாளர் பாய்ந்தனர். அத்துறையின் அமைச்சராயிருந்த டேமியன் கிரீன், படத்தைப் பார்க்காமலே, மிக அநியாயமானது என்றார். அவருக்குச் சற்று முன்வரை ஆறாண்டு அத்துறையை ஆண்ட இயன் டங்கன் ஸ்மித், யாருக்கும் நேரக்கூடிய கேடுகளையெல்லாம் திரட்டி ஒருவர் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று குறைகூறினார். கலைஞன் திரட்டத்தான் செய்வான். திரட்டியது பொய்யா என்பதே கேள்வி. விடையைப் பிறரே தந்துவிட்டனர். அக்காலத்தில் இவ்வகை வழக்குகளிலே நடுவர் மன்றம் வரை சென்று தீர்ப்பானவற்றுள் பாதிக்குமேல் விண்ணப்பித்தவர் பக்கமே தீர்ந்தன. காசைத் தடுத்து வைத்து மறுபரிசீலனைக்குக் காத்திருக்கச் சொல்லும் ஏற்பாடு 2013இல் புகுத்தப்பட்டது. மேல்முறையீட்டுக் காலத்தில் உதவித்தொகை பெற உரிமையுள்ள நோயாளிகளை அப்படிக் காக்க வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. திரையிலே தச்சர் கேட்ட கேள்வி, நான்காண்டு கழித்து நீதியரசர் வாயிலிருந்து வந்தது!

இவ்வளவும் புகழ்ச்சி. இனி வழக்கு.

பாத்திரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிச்சை ஏற்கும் கலமும் பாத்திரம்; நாடகத்தில் வரும் மாந்தரும் பாத்திரம். இந்தப் படத்தின் பலவீனம் அந்த இரு பொருளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. டேனியல் எப்படிப்பட்ட பாத்திரம்? நோயுற்ற மனைவியைக் கடைசிவரை பேணியவர். அண்டை வீட்டு இளைஞனைக் கடிந்துகொண்டாலும் அவனுக்கு அன்புடையவர். கேட்டியின் குழந்தைகளுக்கு மர மீன்கள் செதுக்கித் தொங்கவிடுபவர். அவளுக்குப் புத்தக அலமாரி செய்து தருபவர். வீட்டுச் சாமான்களை விற்கும்போதும் கருவிகளை மட்டும் விற்க மறுப்பவர். உழைக்கும் ஆசை அவ்வளவு! குடியில்லை, பொய்யில்லை, சோம்பல் இல்லை. மாசு மறுவற்ற மனிதர். இத்தகையவருக்கு உதவி மறுக்கப்பட்டதே என்று பார்ப்பவர் பதறுகின்றனர்.

நான் கேட்கிறேன்: டேனியல் குடிகாரராக இருந்திருந்தால்? மனைவியை அடித்தவராக, வாயாடியாக, வேலையென்றால் ஒதுங்குபவராக இருந்திருந்தால்? அவருடைய மாரடைப்பு பொய்யாகிவிடுமா? கெட்டவன் நெஞ்சில் இரத்தக்குழாய் அடைத்தால் வலிக்காதா? அப்போது அரங்கத்திலே எத்தனை கண்கள் நனையும்?

படைத்தவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2014இல் ‘பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட்’ என்றொரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. பர்மிங்காம் நகரத்துத் தெரு ஒன்றிலே உதவித்தொகையில் வாழ்வோரைப் படம்பிடித்து வீடுதோறும் காட்டியது. உதவித்தொகை பெறுவோரெல்லாம் ஏய்ப்பவர் என்ற பேச்சு ஊரெங்கும் பெருகியிருந்த வேளை அது. அந்தப் பழிக்கு விடையாக, இதோ ஓர் உத்தமன் என்று லோச்சும் லாவர்ட்டியும் டேனியலை நிறுத்தினர். நோக்கம் நன்று. ஆனால் எதிரி வரைந்த கோட்டுக்குள் நின்றல்லவா சண்டையிட்டனர்? கெட்ட பாத்திரம் என்று அவன் சொல்ல, நல்ல பாத்திரம் என்று இவர் காட்ட, பாத்திரம் அறிந்தே பிச்சை இட வேண்டும் என்ற மூலவிதி இருவர் கையிலும் பத்திரமாக இருந்துவிட்டது!

அந்த விதியை உண்மையிலேயே உடைக்கக் கூடியவள் கேட்டி. உணவு வங்கியிலே, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள், தகரக் குவளையைத் திறந்து அங்கேயே கையால் அள்ளி உண்டுவிட்டு, வெட்கத்தால் உடைந்து அழுகிறாளே, அந்தக் காட்சி இந்த நூற்றாண்டுத் திரைக்கலையின் உயர்ந்த காட்சிகளுள் ஒன்று. கேமிரா அவள் முகத்தின்மேல் விழுந்து கண்ணீரைக் கறக்கவில்லை; மரியாதையோடு தள்ளி நிற்கிறது. பிறகு அவள் கடையிலே திருடுகிறாள். என்ன திருடுகிறாள்? மாதவிலக்குத் துணியும் மழிக்கும் கத்தியும்! பசிக்கு இரங்கும் சமுதாயம் பெண்ணின் உடலுக்கு இரங்க மறந்ததைச் சுட்டிக்காட்ட இதைவிடக் கூர்மையான பொருள் கிடைக்காது. இறுதியில் தன் உடலையே விற்கப் போகிறாள்.

இதைப் பார்க்கும்போது வால்ட்டர் கிரீன்வுட் 1933இல் வெளியிட்ட ‘லவ் ஆன் த டோல்’ என்ற நாவல் நினைவுக்கு வருகிறது. களம் சால்ஃபோர்டு நகரம். காலம் கொடியது, 1933 தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலையற்றிருந்தனர். 1931இல் வந்த வருமானச் சோதனை முறையில், வீட்டுக்குள்ளே புகுந்து, மகன் சம்பாதிப்பதைக் காட்டித் தந்தையின் உதவித்தொகையை வெட்டினார்கள். அந்த நாவலின் சாலி, காதலன் இறந்தபின், சாம் கிரண்டி என்ற பந்தயப் பணக்காரனோடு வாழ இசைகிறாள். அவன் செல்வாக்கால் அவள் தந்தைக்கும் தம்பிக்கும் வேலை கிடைக்கிறது. அக்கதையைப் படமாக்க 1936இல் தணிக்கையாளர் இசைவு மறுத்தனர். 1941இல்தான் திரைக்கு வந்தது. 1933இல் சாலி; 2016இல் கேட்டி. 83 ஆண்டுகள், ஒரு உலகப்போர், ஒரு பெவரிட்ஜ் — இத்தனைக்கும் பிறகு உதவித்தொகை நின்றால் விற்பதற்கு மிஞ்சியது பெண்ணின் உடல்தான்!

ஆயினும் சாலிக்கும் கேட்டிக்கும் ஒரு வேறுபாடு. சாலி தன் முடிவைத் தந்தையின் முகத்துக்கு நேரே சொல்லி, ஊரார் ஏச்சைத் தூசாக ஊதித் தள்ளுகிறாள். கேட்டியோ, டேனியல் தேடிவந்து கண்ணீர்விடும்போது தலைகுனிகிறாள். அந்த இடத்திலே படம் பழைய சுவடியைப் புரட்டிவிட்டது: வழுவிய பெண், வருந்தும் பெரியவர்! அவள் துன்பத்தை அவள் கண்ணால் அல்ல, அவர் கண்ணீரால் பார்க்கிறோம். டேனியல் வேலைவாய்ப்பு நிலையத்துச் சுவரில் தம் பெயரை எழுதித் தம் மேல்முறையீட்டுக்கு நாள் கேட்கிறார். தெருவே கூடிக் கைதட்டுகிறது. கேட்டி தன் பெயரை அதே சுவரில் எழுதியிருந்தால் அந்தத் தெரு கைதட்டியிருக்குமா? அவளுடைய உதவித்தொகை என்னவாயிற்று, குழந்தைகள் என்ன ஆயினர் என்று சொல்லாமலே படம் முடிகிறது. நடுவர் மன்றத்தின் கழிப்பறையிலே டேனியல் விழுந்து சாகிறார். ஏழைக்கு ஒதுக்கிய காலை நேரத்து இறுதிச் சடங்கிலே அவர் எழுதி வைத்ததைக் கேட்டி படிக்கிறாள். படிப்பதுகூட அவருடைய சொல்தான். அவளுடைய சொல் இல்லை.

இந்தக் குறை லோச்சுக்கு மட்டும் உரியதன்று. பெவரிட்ஜின் அறிக்கையிலேயே அது உண்டு. மணமான பெண்ணைத் தனிவகுப்பாக வைத்தார். கணவனால் கைவிடப்பட்டவளுக்கு உதவி தரலாம் என்றவர், பிரிவுக்கு அவள் காரணமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தார். ஐந்து அரக்கரை வீழ்த்தப் புறப்பட்ட அறிஞரும், பெண் என்றதும் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தார்! அந்த உதவியும் சட்டமாகும்போது விடப்பட்டது. இதற்கு எதிரே மற்றொரு சான்று. எலினார் ராத்போன் என்ற அம்மையார் பல்லாண்டு போராடியதன் விளைவாக 1945இல் குடும்பப்படிச் சட்டம் வந்தது. இரண்டாம் குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். தந்தையிடம் தர அரசு எண்ணியது. தாயிடம் தர வேண்டும் என்று போராடி வென்றார். தாய் நல்லவளா என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை இருக்கிறதா என்றுதான் கேட்டனர். அதனால் நாடு கெட்டுக் குட்டிச்சுவராகிவிடவில்லை.

அப்படியானால் ஏய்ப்பவன் இருக்கமாட்டானா என்பார்கள். இருப்பான். நோய் உண்டா, வேலை போயிற்றா, குழந்தை பிறந்ததா என்று உண்மையைச் சோதிக்கட்டும், அது அறிவு. ஆனால் குணத்தைச் சோதிப்பது, தாமதத்தைத் தண்டிப்பது, பட்டினியைப் பாடம் புகட்டும் பிரம்பாக்குவது அறிவன்று. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சில குற்றங்களுக்கு உதவித்தொகையை மூன்றாண்டு வரை நிறுத்த முடிந்தது. அந்த உச்ச அளவை 2019இல் ஆறு மாதமாகக் குறைக்க நேர்ந்தது. வேலையின்மை சோம்பலின் பயன் என்கிறவர்களிடம் ஒன்று கேட்போம்: 1933இல் 30 லட்சம் பேர் ஒரே சமயத்தில் சோம்பேறிகளாகப் பிறந்தார்களா? போர் மூண்டு ஆலைகள் ஓடத் தொடங்கியதும் அதே கைகள்தாமே ஓய்வின்றி உழைத்தன! நோய் முன்வினைப் பயன் என்று புராணிகன் சொல்வதும், வறுமை ஒழுக்கக் கேட்டின் பயன் என்று அதிகாரி சொல்வதும் வேறுவேறு கூற்றுகளா? ஒன்று காவி உடுத்த மூடநம்பிக்கை. மற்றது கால்சட்டை அணிந்த மூடநம்பிக்கை.

படத்திலே ஒரு சிறு காட்சி உண்டு. மனமுடைந்த டேனியல் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கிறார். கேட்டியின் மகள் டெய்சி, உணவோடு வந்து, கதவின் அஞ்சல் துளை வழியே பேசுகிறாள். நீங்கள் எங்களுக்கு உதவினீர்கள் அல்லவா, நான் உதவினால் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்பது அவள் கேள்வி. கதவு திறக்கிறது. 1911இன் சட்டமும் 1942இன் அறிக்கையும் பல பக்கங்களில் சொன்னதை அந்தச் சிறுமி ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். இன்று நான், நாளை நீ. இதிலே மேலோன் யார், கீழோன் யார்?

தோழர்களே, படத்தைப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் டேனியல் நல்லவர் என்பதற்காக மட்டும் அழாதீர்கள். இலவசம் என்று ஏளனம் பேசுவோரும், தகுதி என்று தராசு தூக்குவோரும் நம் தெருவிலும் உண்டு. அவர்களிடம் கோத்திரத்தைக் கேட்ட அதே துணிவோடு இதையும் கேளுங்கள். பிச்சைக்குத்தான் பாத்திரம் வேண்டும். உரிமைக்கு மனிதனாக இருந்தால் போதும்.